அளந்த உப்பும் அளக்காத புகையும்

மரக்காணத்துக் கடற்கரையில் விளையும் உப்பை அரசாங்கம் இருநூறு ஆண்டுகளுக்கு மேலாக அளந்து எழுதி வந்திருக்கிறது. 1805-இல் சென்னை மாகாணத்து உப்பைக் கிழக்கிந்தியக் கம்பெனி தன் ஏகபோகமாக்கிக்கொண்டது. அதன் பிறகு பாத்தியில் வாரிய உப்பு கணக்கில் ஏறாமல் அளத்தைவிட்டு வெளியே போவது குற்றம். காவலுக்கு ஆள், கள்ள உப்புக்குத் தண்டனை, எல்லாவற்றையும் மேற்பார்க்க ஒரு தனித் துறை. 1930-இல் ராஜாஜி திருச்சியிலிருந்து வேதாரண்யத்துக்கு நடந்தது இந்தக் கணக்குப் புத்தகத்தை எதிர்த்துத்தான். உப்பு வரி 1947-இல் ஒழிந்தது. உப்பை அளப்பது நிற்கவில்லை. ஆனால் அந்த உப்பை வாரிய மனிதன் ஐம்பது வயதில் எதனால் செத்தான் என்று எழுதி வைக்க ஏடு எதுவும் இருக்கவில்லை. பதிவேட்டில் பெயர் இருக்கும், தேதி இருக்கும். காரணம் என்று பார்த்தால் காய்ச்சல், நெஞ்சுவலி, இளைப்பு, வயோதிகம் என்று ஏதாவது ஒன்று. புகைப்பழக்கத்துக்கு எதிரான இயக்கத்தின் வரலாற்றை இந்தப் பகுதியை வைத்து எழுதுவதானால் அந்த வெற்றுக் கட்டத்திலிருந்து தொடங்குவதே முறை. அந்தக் கட்டத்தைப் பெரிய அளவில் நிரப்பிய ஆய்வு மரக்காணம் அடங்கிய விழுப்புரம் மாவட்டத்துக் கிராமங்களில்தான் நடந்தது. இயக்கத்தின் அரசியல் குரலும் பக்கத்துத் திண்டிவனத்திலிருந்துதான் எழுந்தது. ஆதாரமும் குரலும் இங்கிருந்து போய்ச் சட்டமாயின. ஆனால் அந்தச் சட்டம் உப்பளத்துக்குத் திரும்பி வரவில்லை.

விழுப்புரம் 1993-இல் தென்னாற்காட்டிலிருந்து பிரிந்து தனி மாவட்டமானது. மரக்காணம் அதன் கிழக்கு ஓரம். இன்றைய கள்ளக்குறிச்சியும் அப்போது அதற்குள்தான் இருந்தது. 1990-களின் பிற்பகுதியில் சென்னையைச் சேர்ந்த நோய்ப்பரவல் ஆய்வாளர் கஜலட்சுமி ஒரு பெரிய வேலையில் இறங்கினார். ஆக்ஸ்ஃபோர்டு பல்கலைக்கழகத்தின் ரிச்சர்ட் பீட்டோ, நரம்பியல் அறுவை மருத்துவர் டி. எஸ். கனகா, பிரபாத் ஜா ஆகியோர் உடன் நின்றார்கள். சென்னை நகரத்திலும் விழுப்புரம் மாவட்டக் கிராமங்களிலும் இறந்துபோன பல்லாயிரம் பேரின் வீடுகளுக்கு ஆள் அனுப்பி, அவர்கள் எப்படி இறந்தார்கள் என்று கேட்டு எழுதுவதுதான் அந்த வேலை. போனவர்கள் மருத்துவர்கள் அல்லர், பயிற்சி பெற்ற பட்டதாரிகள். திண்ணையில் உட்கார்ந்து, செத்தவரின் மனைவியிடமோ மகனிடமோ அவர்கள் கேட்டவை எளிய கேள்விகள். இருமல் எத்தனை மாதம் இருந்தது, சளியில் ரத்தம் வந்ததா, மாலையில் காய்ச்சல் அடித்ததா, உடம்பு வற்றியதா, எந்த ஆஸ்பத்திரிக்குப் போனார், என்ன சொன்னார்கள், பீடி குடிப்பாரா, எந்த வயதிலிருந்து? சொன்னதைச் சொன்னபடி தமிழில் எழுதிக்கொண்டு வந்தார்கள். மருத்துவர்கள் பிறகு அதைப் படித்து மரணத்தின் காரணத்தை முடிவு செய்தார்கள். பிணத்தை அறுக்காமல் வாய்மொழியாகவே நடக்கும் பரிசோதனை இது. அறிவியலுக்கு இவ்வளவு போதுமா என்ற கேள்வி நியாயமானதே. ஒப்பிட்டுப் பார்க்க எதிரில் இருந்தது என்ன என்பதையும் சேர்த்துப் பார்க்க வேண்டும். சென்னை மாநகரத்திலேயே பழைய பதிவேடுகளில் பாதிக்கு மேற்பட்ட மரணங்கள் காரணம் தெளிவாகச் சொல்லப்படாதவையாக இருந்தன. திண்ணை விசாரணை அந்தப் பங்கைக் கால்பங்குக்கும் கீழே இறக்கியது.

முடிவுகள் 2003 ஆகஸ்டில் லான்செட் மருத்துவ இதழில் வெளிவந்தன. இறந்த ஆண்கள் 43,000 பேர், ஒப்பீட்டுக்கு 35,000 ஆண்கள். நகரத்தில், 25 முதல் 69 வயதுக்குள், புகைத்தவர்களின் இறப்பு விகிதம் புகைக்காதவர்களுடையதைப் போல் இரு மடங்கு. புற்றுநோயால்தான் அப்படி என்று நினைத்தால் தவறு. கூடுதலான சாவுகளில் புற்றுநோயின் பங்கு 11 விழுக்காடுதான். மூன்றில் ஒரு பங்கு மூச்சு மண்டல நோய்கள், அவற்றில் முதன்மையானது காசநோய். காசநோயால் சாகும் வாய்ப்பு புகைத்தவருக்கு நாலரை மடங்கு. புகைத்தது பெரும்பாலும் பீடியாக இருந்த கிராமப் பகுதியிலும் போக்கு வேறாக இல்லை. இந்தியாவில் காசநோயால் சாகும் ஆண்களில் பாதிப் பேரின் சாவுக்குப் புகையும் ஒரு காரணம் என்றும், நடுவயதில் சாகும் ஆண்களில் நாலில் ஒருவரைப் புகை கொண்டுபோகிறது என்றும், அப்படிப் போகிறவர் சுமார் இருபது ஆண்டு ஆயுளை இழக்கிறார் என்றும் ஆய்வாளர்கள் முடிவுக்கு வந்தார்கள். ஆண்டுக்கு ஏழு லட்சம் சாவு என்ற கணக்கும் அதில்தான் வந்தது. பிற்காலத்தில் டெல்லியில் சட்டம் பேசியவர்கள் கையாண்ட பெரிய எண்களில் ஒரு பகுதி, விழுப்புரத்துக் கிராமத்து விதவைகள் சொன்ன பதில்களைக் கூட்டி எடுத்தது.

இந்த முடிவின் கனம் புரிய, அதுவரை புகை எதிர்ப்பு எந்த மொழியில் பேசியது என்று பார்க்க வேண்டும். அடையாறு புற்றுநோய் மருத்துவமனை 1954-இல் முத்துலட்சுமி ரெட்டியின் முயற்சியால் தொடங்கியது. டாக்டர் சாந்தா அடுத்த ஆண்டு அங்கே சேர்ந்து ஆயுள் முழுவதும் அதற்கே உழைத்தார். தமிழ்நாட்டில் புகையிலையைப் பற்றி எச்சரித்த மூத்த குரல் அவர்களுடையது. இயல்பாகவே அது புற்றுநோயைப் பற்றிய குரல். வாயும் தொண்டையும் அரித்துப்போன படங்கள் அந்தப் பிரச்சாரத்தின் அடையாளமாயின. அது பொய்யில்லை, வெற்றிலையோடு புகையிலை போடும் பெண்களுக்கு அதைவிடப் பொருத்தமான எச்சரிக்கை கிடையாது. ஆனால் உப்பளத்தில் பீடி குடிக்கும் ஆணுக்கு முதல் ஆபத்து வேறு இடத்திலிருந்து வந்தது. காசநோய்க் கிருமி இந்த நாட்டில் கோடிக்கணக்கான நெஞ்சுகளில் உறங்கிக்கிடக்கிறது. பெரும்பாலோரிடம் அது கடைசிவரை உறங்கியே கிடக்கும். புகை நுரையீரலின் காவலைத் தளர்த்தும்போது அது எழுந்துகொள்கிறது. காசநோய்க்கு வீட்டிலிருந்தே மருந்து சாப்பிட்டுக் குணமாகலாம் என்று உலகத்துக்கு நிரூபித்தது சென்னையில் 1956-இல் தொடங்கிய காசநோய் ஆய்வு மையம். மாத்திரை இலவசம். அப்படிப்பட்ட மாநிலத்தில் மனிதர்கள் காசநோயால் செத்துக்கொண்டிருந்தார்கள் என்றால், மருந்தை மட்டும் பேசிப் பயனில்லை. பீடியையும் பேசியாக வேண்டும்.

பீடி எளிய பொருள்தான், ஆனால் அதன் ஆபத்து சின்னதில்லை. கால் கிராமுக்கும் குறைவான புகையிலைத் தூளை ஓர் இலைத் துண்டில் சுருட்டி நூலால் கட்டியது அவ்வளவுதான். சிகரெட்டில் இருப்பதில் ஏறக்குறைய நாலில் ஒரு பங்கு தூள்தான் இருக்கும். சின்னதுதானே, சிகரெட்டைவிட ஆபத்து குறைவாகத்தான் இருக்கும் என்ற நம்பிக்கை அதிலிருந்து பிறந்தது; படித்தவர்களிடமும் உண்டு. ஆனால் அந்த இலை காகிதம்போலக் காற்றை உள்ளே விடாது, தானாகத் தொடர்ந்து எரியாது. இழுக்காமல் சற்று விட்டால் அணைந்துவிடும். அணையாமல் இருக்க அடிக்கடி, ஆழமாக இழுக்க வேண்டும். கடைசியில் நுரையீரலுக்குப் போய்ச் சேரும் தாரும் கார்பன் மோனாக்சைடும் சிகரெட்டுக்குச் சமம், பல அளவீடுகளில் அதற்கும் மேல். இப்படி இருந்தும் 1975-இல் வந்த இந்தியாவின் முதல் எச்சரிக்கைச் சட்டம் சிகரெட்டுக்கு மட்டும்தான். எழுத்துக்கூட்டிப் படிக்கத் தெரிந்தவன் வாங்கும் பெட்டியில் எச்சரிக்கை எழுத வேண்டும், படிக்காதவன் வாங்கும் கட்டில் தேவையில்லை என்று சட்டம் எழுதியவர்கள் கருதினார்கள் போலும். பீடியும் சேர்ந்து சட்டத்துக்குள் வர 2003 வரை, அதாவது லான்செட் கட்டுரை வந்த அதே ஆண்டுவரை, காத்திருக்க வேண்டியிருந்தது.

திண்டிவனத்தில் மருத்துவம் பார்த்த டாக்டர் ராமதாஸ் 1989-இல் பாட்டாளி மக்கள் கட்சியைத் தொடங்கினார். அதன் பக்கத்தில் நின்று இயங்கும் பசுமைத் தாயகம் என்ற அமைப்பு 1995-இல் உருவானது. தமிழ்நாட்டு அரசியலில் புகையையும் மதுவையும் தொடர்ந்து பேசிய கட்சி பாமக. 2002-இல் 'பாபா' படம் வந்தபோது ரஜினிகாந்தின் சிகரெட்டை எதிர்த்து நடந்த போராட்டம் நாடறிந்தது. சில ஊர்களில் படப்பெட்டியே பறிபோனது, அதை நியாயப்படுத்த முடியாது. இரண்டு ஆண்டு கழித்து ராமதாஸின் மகன் அன்புமணி மத்திய சுகாதார அமைச்சரானார். 2004 பிப்ரவரியிலேயே இந்தியா உலக சுகாதார நிறுவனத்தின் புகையிலைக் கட்டுப்பாட்டு உடன்படிக்கையை ஏற்றிருந்தது. அன்புமணி காலத்தில் புகையிலைக் கட்டுப்பாடு வேகமெடுத்தது. திரையில் புகைக்கும் காட்சிக்குத் தடை அறிவித்தார்; 2009 ஜனவரியில் டெல்லி உயர் நீதிமன்றம் அதை ரத்து செய்தது. பொது இடத்தில் புகைத்தால் 200 ரூபாய்வரை அபராதம் என்ற விதி 2008 காந்தி ஜெயந்தியன்று நடைமுறைக்கு வந்தது. பொட்டலத்தில் படத்துடன் எச்சரிக்கை 2009 மே 31-இல் வந்தது. அந்தப் படங்கள் முதலில் அறிவிக்கப்பட்ட கொடூரத்துடன் வரவில்லை. அமைச்சர் குழு அவற்றை மென்மையாக்கியது, பீடித் தொழில் நிறைந்த தொகுதிகளின் அழுத்தம் அதற்குப் பின்னால் இருந்தது. 2018-இல் 'சர்கார்' சுவரொட்டியில் விஜய்யின் வாயிலிருந்த சிகரெட்டுக்கு எதிர்ப்பு எழுந்து, பொது சுகாதாரத் துறையின் நோட்டீசுக்குப் பிறகு அந்தப் படம் நீக்கப்பட்டதும் இந்த வரிசையில் சேர்ந்ததே.

இவ்வளவையும் வெறும் விளம்பரம் என்று தள்ளுகிறவர்கள் இருக்கிறார்கள். நான் அப்படிச் சொல்ல மாட்டேன். பேருந்தில் பக்கத்து இருக்கைக்காரன் பீடியைப் பற்றவைத்தால் அணைக்கச் சொல்ல ஒரு சாதாரணப் பயணிக்குத் துணிவு வந்தது இந்தப் போராட்டங்களால்தான். ஒரு தலைமுறைக்கு முன் அப்படிச் சொன்னவரைத்தான் எல்லாரும் முறைத்துப் பார்த்திருப்பார்கள். ஆனால் 2003-ஆம் ஆண்டுச் சட்டத்தின் விளக்கப் பிரிவைப் படித்தால் எல்லை தெரியும். அரங்கம், மருத்துவமனை, காத்திருப்பு அறை, உணவகம், அலுவலகம், நீதிமன்றம், கல்வி நிலையம், நூலகம், வாகனம் என்று பட்டியலிட்டுவிட்டு, திறந்தவெளி இதில் அடங்காது என்று அது முடிக்கிறது. பிறர் விடும் புகையிலிருந்து அருகில் இருப்பவரைக் காப்பது அந்தப் பிரிவின் நோக்கம். அந்த நோக்கத்துக்கு இந்த எல்லை சரியே. மரக்காணம் உப்பளமோ 3,000 ஏக்கருக்கு மேல் விரிந்த திறந்தவெளி. மரம் இல்லை, கூரை இல்லை. தண்ணீரும் உப்பும் வெயிலைத் திருப்பி முகத்தில் அடிக்கும். உப்புநீரில் கால் வெடிக்கும். இடைவேளையில் வரப்பில் குந்தி, காற்றுக்குக் கை மறைத்துப் பற்றவைக்கும் பீடிதான் ஓய்வுக்கு ஒரு பெயர். அங்கே தொழிலாளி விடும் புகையால் கெடுகிற அடுத்தவர் யாரும் இல்லை, கெடுகிறவன் அவனே. சினிமாவில் ரஜினி என்ன குடித்தார் என்பதோ, பொட்டலத்தின் முகப்பில் எத்தனை விழுக்காடு படம் என்பதோ, பெட்டிக்கடையில் கட்டைப் பிரித்து உதிரியாக வாங்குகிறவனை எட்டாது. இயக்கம் வென்றவை பெரும்பாலும் சுவருக்குள் இருக்கும் இடங்கள், படிக்கத் தெரிந்தவன் கண்ணில் படும் பொருள்கள்.

குரல் யாருடையது என்பதும் ஒரு தடையாக இருந்தது. 2013 ஏப்ரல் 25 அன்று மரக்காணத்தில் வன்னியர்களுக்கும் தலித்துகளுக்கும் இடையே மோதல் நடந்தது. வீடுகள் எரிந்தன, உயிர்கள் போயின. வன்னியர் சமூகத்தின் கட்சியாக அடையாளம் காணப்பட்ட அமைப்பு சொல்லும் நல்ல வார்த்தை, அதன் பிறகு ஊரிலும் காலனியிலும் ஒரே மாதிரிக் காதில் விழுந்திருக்கும் என்று நம்ப நான் தயாரில்லை. இதைச் சொன்னால், அப்படியானால் அந்த இயக்கமே கட்சி அரசியல்தான் என்று சிலர் முடித்துவிடுவார்கள். அது அவசர முடிவு. சொன்னவரைப் பற்றி என்ன கருத்து இருந்தாலும் நாலரை மடங்கு என்ற எண் மாறாது. அது எந்தக் கட்சியின் எண்ணும் இல்லை. அந்த எண்ணை ஆஸ்பத்திரியும் கிராம செவிலியரும் தொழிற்சங்கமும் எடுத்துச் சொல்லியிருக்க வேண்டும். உப்பளத் தொழிற்சங்கங்கள் கூலியையும் மழைக்கால நிவாரணத்தையும் பேசின, பேசியாக வேண்டியவைதாம். பீடியைத் தொழிலாளியின் சொந்த விஷயமாக அவை விட்டுவிட்டன.

கூலியும் நிழலும் குடிநீருமே இல்லாத இடத்தில் பீடியைப் பற்றிப் பேசுவது வசதியானவர்களின் கவலை என்பது இன்னொரு மறுப்பு. வலுவான மறுப்புதான். ஆனால் அது ஏழைக்கு ஒரு நேரத்தில் ஒரு துன்பம்தான் இருக்க முடியும் என்று எண்ணிக்கொள்கிறது. ஐம்பது வயதில் இருமிச் சாகிற மனிதனின் குடும்பம் கூலியையும் சேர்த்துத்தான் இழக்கிறது. இங்கே பெரிய எமன் சாராயம்தான் என்று சொல்வோரும் உண்டு. 2023 மே மாதம் மரக்காணம் எக்கியார்குப்பத்தில் மெத்தனால் கலந்த கள்ளச்சாராயம் பத்துக்கும் மேற்பட்டவர்களைக் கொன்றது. அமைச்சர்கள் வந்தார்கள், முதலமைச்சரே வந்தார், குடும்பத்துக்குப் பத்து லட்சம் அறிவித்தார்கள். ஒரே இரவில் வரும் சாவு அரசை ஓடிவரச் செய்யும். இருபது ஆண்டு எடுத்துக்கொள்ளும் சாவுக்கு யாரும் ஓடி வருவதில்லை. அதை எண்ணிப் பார்க்கவே ஒரு ஆய்வுக் குழு திண்ணை திண்ணையாக ஏற வேண்டியிருந்தது. பெரிய ஆபத்து எது என்பதை ஓடிவந்த கார்களை வைத்து முடிவு செய்ய முடியாது.

பீடி சுற்றும் பெண்களின் பிழைப்பு என்ற மறுப்பை எளிதில் கடந்துவிடக் கூடாது. திருநெல்வேலி, தென்காசிப் பக்கமும் வேலூர், குடியாத்தம் பக்கமும் லட்சக்கணக்கான வீடுகளில் முறத்தை மடியில் வைத்து நடக்கும் வேலை அது. 1966-இல் அவர்களுக்கென்று தனிச் சட்டமும் 1976-இல் நலநிதியும் வந்தன. ஆயிரம் பீடிக்கு இவ்வளவு என்ற கூலியும், மூச்சில் ஏறும் புகையிலைத் தூளும் அவற்றால் மாறிவிடவில்லை. அந்தப் பெண்களுக்கு மாற்றுத் தொழில் தருவது அரசின் கடமை. புகை எதிர்ப்பு அமைப்புகள் அந்தக் கோரிக்கையைத் தங்களுடையதாக எடுத்திருந்தால் பாதி எதிர்ப்பு கரைந்திருக்கும். ஆனால் ஒரு ஏழைப் பெண்ணின் குறைந்த கூலியைக் காக்க இன்னொரு ஏழை ஆணின் நுரையீரல் வேண்டும் என்ற கணக்கை அவர்களே எழுதவில்லை. பீடி முதலாளிகள் எழுதித் தந்த கணக்கு அது.

மிச்சம் இருப்பது விலை. புகையிலைக்குக் கலால் வரி 1943-இல் வந்தது. அடுத்த ஆண்டு வந்த மத்திய கலால் சட்டத்தின் பெயரிலேயே உப்பும் சேர்ந்திருந்தது. மூன்று ஆண்டுகளில் உப்பு வரி ஒழிந்தது. பீடி வரி ஒழியவில்லை, ஆனால் அது வரி என்ற பேருக்குத்தான் இருந்தது. கையால் சுற்றும் பீடி என்றும் சிறு உற்பத்தியாளர் என்றும் சலுகை மேல் சலுகை. ஜிஎஸ்டி வரும்வரை, ஆண்டுக்கு இருபது லட்சம் பீடிவரை செய்தவருக்கு வரியே இருக்கவில்லை. ஏழையின் பொருளுக்கு வரி போடுவது உப்பு வரி போட்ட வெள்ளைக்காரன் செய்த அநியாயம் இல்லையா என்று உப்பளக் கரையில் ஒருவர் கேட்டால், கேட்கத் தகுந்த கேள்விதான். உப்பு இல்லாமல் உயிர் இல்லை. விலை ஏறினாலும் ஏழை அதை வாங்கித்தான் ஆக வேண்டும். அதனால்தான் அது அநியாயம். பீடி அப்படி இல்லை. 2010-இல் வெளிவந்த பொருளாதார ஆய்வு ஒன்றின்படி பீடியின் விலை 10 விழுக்காடு ஏறினால் நுகர்வு ஏறக்குறைய 9 விழுக்காடு குறையும். சுவரொட்டியோ அபராதமோ திறந்தவெளியில் செய்ய முடியாததை விலை செய்யும். அதை விட்டதற்குத் தடயமும் உண்டு. கணக்கெடுப்பின்படி, 2009-10 முதல் 2016-17 வரை நாட்டில் புகையிலைப் பழக்கம் உள்ளவர்கள் 34.6 விழுக்காட்டிலிருந்து 28.6 ஆகக் குறைந்தார்கள். புகை எதிர்ப்பில் முன்னோடி என்று பெயர் எடுத்த தமிழ்நாட்டில் 16.2-லிருந்து 20 ஆக ஏறினார்கள். மெல்லும் புகையிலையும் அதில் சேர்த்தி என்பதால் பழி முழுவதையும் பீடிமேல் போட முடியாது. ஆனாலும் நாடு முழுவதும் சிகரெட் குடிப்பவரைப்போல் கிட்டத்தட்ட இரு மடங்கு பேர் பீடிதான் குடிக்கிறார்கள் என்று அதே கணக்கெடுப்பு சொல்கிறது.

காசநோய்த் திட்டமும் புகையிலைக் கட்டுப்பாட்டுத் திட்டமும் சேர்ந்து இயங்க வேண்டும் என்று மத்திய அரசு 2017-இல் வழிகாட்டி வெளியிட்டது. சளி பரிசோதனைக்கு வரும் ஒவ்வொருவரிடமும் பீடி உண்டா என்று கேட்பது, உண்டு என்றால் விட உதவுவது என்பது அதன் சாரம். மரக்காணத்திலும் சுற்றுப்புற ஆரம்ப சுகாதார நிலையங்களிலும் அது காகிதத்தில் இல்லாமல் கேள்வியாக நடக்கிறதா என்று புகை எதிர்ப்பு அமைப்புகள் போய்ப் பார்க்க வேண்டும். அடுத்த நடிகரின் சுவரொட்டிக்காகக் காத்திருப்பதைவிட அது பயனுள்ள வேலை. விலையைப் பொறுத்தவரை அவர்களுக்கு வேலை இன்னும் கூடியிருக்கிறது. 2017-இல் ஜிஎஸ்டி வந்தபோது பீடிக்கும் சிகரெட்டுக்கும் ஒரே 28 விழுக்காடு போட்டு, கூடுதல் தீர்வையைச் சிகரெட்டுக்கு மட்டும் வைத்தார்கள். 2025 செப்டம்பர் 3 அன்று கூடிய ஜிஎஸ்டி மன்றம் சிகரெட்டுக்கும் குட்காவுக்கும் 40 விழுக்காடு என்று முடிவு செய்தது. பீடிக்கு இருந்த 28 விழுக்காட்டை 18 ஆகக் குறைத்தது.